கிணற்றடி நிழல்

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக்கொள்வார்கள். பாலாறு மணலாகக் கிடக்கும். ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் பகல் முழுக்கக் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் அனலை விட்டுக்கொண்டிருக்கும். கத்திரி மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும் என்று பஞ்சாங்கம் சொல்லும். எங்களுக்குப் பங்குனியிலேயே தொடங்கிவிடும். நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலை மறுநாள் பேப்பரில் பார்த்தால், வேலூர் மேலே எங்காவது இருக்கும்.

அந்த ஊரில், சலவன்பேட்டையில் எங்கள் ஆயாவின் வீட்டில் வளர்ந்தவன் நான். ஓட்டு வீடு, நடுவில் முற்றம், பின்னால் கிணறு, கிணற்றடியில் துவைக்கிற கல், அதிலிருந்து ஓடும் தண்ணீரைக் குடித்து வளரும் வாழை, அதற்கப்பால் ஒரு வேப்பமரம். வீட்டில் எப்போதும் ஒரு நாய் இருந்தது, பூனைகளும் இருந்தன. அவற்றை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. வந்தன, இருந்தன. கோடையில் நாயையும் பூனையையும் எப்படிக் காப்பது என்று நான் பிற்பாடு புத்தகங்களிலும் மருத்துவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதற்கெல்லாம் அடிப்படை அந்த வீட்டில்தான் கிடைத்தது. அங்கே சொல்லித்தந்தவை அந்தப் பிராணிகளே.

எங்கள் கருப்பன் காலையில் திண்ணையில் படுப்பான். வெயில் திண்ணைக்கு ஏறியதும் எழுந்து நடைக்குள் வருவான். பதினொரு மணிக்கு மேல் அவனைக் கிணற்றடியில்தான் பார்க்கலாம். வாழைக்கடியில் ஈரமண்ணை முன்னங்கால்களால் பறித்து, தன் உடம்பு கொள்கிற அளவுக்குக் குழி செய்து, வயிறு மண்ணில் பட, பின்னங்கால்களை நீட்டிக் கிடப்பான். மேல்மண் சூடாகும்போது இன்னும் கொஞ்சம் பறிப்பான். நாய்க்கு வயிற்றிலும் தொடையிடுக்கிலும் முடி குறைவு. ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடுகின்றன. அந்த இடம் குளிர்ந்த மண்ணில் பட்டால் உடம்பின் சூடு மண்ணுக்கு இறங்குகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். கருப்பன் படிக்காமலே செய்தான்.

பூனையின் இடம் வேறு. சமையலறை மூலையில் மணல் பரப்பி அதன்மேல் குடிதண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள். பானை கசிந்து மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். மத்தியானம் முழுக்கப் பூனை அந்தப் பானையை ஒட்டிச் சுருண்டிருக்கும். விழித்தால் உடம்பை நக்கும். பூனை சுத்தத்துக்காக மட்டும் நக்குவதில்லை. முடியில் படும் எச்சில் காய்கிறபோது உடம்பின் சூட்டையும் கொண்டுபோகிறது. பாலைநிலத்துக் காட்டுப்பூனையின் வழியில் வந்த பிராணி அது. குறைந்த தண்ணீரில் பிழைக்கும். வெயில் ஏறும் நேரத்தில் அசையாமல் இருக்கத் தெரியும்.

ஒரு கோடை விடுமுறையில் மாமா பையன், வந்துபோகிறவர்களைப் பார்த்துக் குரைக்கிறான் என்று, கருப்பனை முன்வாசல் தூணில் கட்டினான். ஆயா வந்து பார்த்துவிட்டு, "அத்த அவுத்து வுடுடா கண்ணு. எங்க குளுந்திருக்குன்னு அதுக்குத் தெரியும். கட்டிப் போட்டா அது எப்படிப் போவும்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிராணிகளையும் கோடையையும் பற்றி அதைவிடத் தெளிவான பேச்சை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை. குளிர்ச்சி எங்கே என்று நாய்க்கும் பூனைக்கும் தெரியும். அங்கே போகும் வழியை நாம் மறிக்காமல் இருக்க வேண்டும். கயிறு, கதவு, சிமென்ட் தரை என்று ஏதாவது ஒன்றால் மறித்துவிட்டோம் என்றால், அந்தக் குளிர்ச்சியை அவை இருக்கும் இடத்துக்கு நாம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

வேலைக்காகச் சென்னை வந்தபோது இந்த இரண்டாவது பாதிதான் என் தலைமேல் விழுந்தது. புரசைவாக்கத்தில் மேல்மாடி வீடு. தலைக்கு மேலே மொட்டை மாடி. தெருவில் கிடந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியையும், அடுத்த வருஷம் ஒரு பூனையையும் எடுத்து வளர்த்தோம். நாய்க்கு மணி என்றும் பூனைக்குச் செல்லம் என்றும் பெயர். மண் இல்லை, வாழை இல்லை, கிணறு இல்லை. பகலில் கூரை குடித்த வெயிலை இரவெல்லாம் வீட்டுக்குள் இறக்கியது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானதை அந்நாளில் இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தக் கோடையை நேரில் அனுபவித்த வீட்டுக்காரர்தான் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் யோசனையைச் சொன்னார். அடித்த பிறகு உள்ளே இறங்கிய சூடு கையால் தொட்டே தெரிந்துகொள்கிற அளவுக்குக் குறைந்தது. எங்களுக்காகச் செய்தது மணிக்கும் செல்லத்துக்கும் உதவியது.

ஆனால் சென்னையின் கோடையில் வேலூரில் நான் பார்க்காத ஒன்று இருந்தது. அங்கே நூற்றாறு, நூற்றேழு டிகிரி பாரன்ஹீட்டிலும் கருப்பன் நிழலில் நாக்கைத் தொங்கவிட்டு நிதானமாக இளைத்துக்கொண்டிருப்பான். இங்கே தொண்ணூற்றைந்து டிகிரியிலேயே மணி திணறினான். காரணம் கடற்காற்றின் ஈரம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. உடம்பைக் குளிர்விக்க அவை போதாது. நாய் நம்பியிருப்பது இளைப்பைத்தான். வேகவேகமாக மூச்சு விடும்போது நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் அது நன்றாக நடக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எவ்வளவு இளைத்தாலும் பயன் குறைவு. இளைக்கிற உழைப்பே உடம்பை இன்னும் சூடாக்கிவிடும். ஆகவே சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வெப்பமானியை மட்டும் நம்பக் கூடாது. தங்களுக்குப் புழுக்கமாக இருக்கிற நாளை நாய்க்கு ஆபத்தான நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மின்விசிறியும் இதேபோலத்தான். வியர்வையைக் காயவைத்து அது நம்மைக் குளிர்விக்கிறது. வியர்க்காத நாய்க்கு வெறும் காற்றால் அந்த அளவு சுகம் கிடைப்பதில்லை. நாயின் வயிற்றையும் கால்களையும் நனைத்துவிட்டு விசிறியைப் போட்டால் அந்தக் காற்றுக்கு வேலை கிடைக்கிறது. எங்கள் வீட்டில் மத்தியானம் மணியின் வயிற்றையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்து, மொசைக் தரையில் விசிறிக்குக் கீழே படுக்கவிடுவோம். பால்கனியில் கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். குளியலறைக் கதவைச் சாத்துவதை விட்டோம். செல்லம் காலையில் ஜன்னல் திட்டில், பத்து மணிக்கு அலமாரிக்கு அடியில், மத்தியானம் குளியலறைத் தரையில் என்று தன் இடங்களைத் தானே வகுத்துக்கொண்டாள். ஆயா வீட்டுப் பானை மூலையை அவள் பார்த்ததில்லை. அதற்கு இணையான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

பூனைக்குத் தண்ணீர் குடிக்க வைப்பதுதான் கஷ்டம். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் செல்லம் முகர்ந்துவிட்டுப் போய்விடுவாள். அகலமான மண்சட்டிகளை வீட்டில் வெவ்வேறு மூலைகளில் வைத்தபோது போகிற வருகிற வழியில் குடித்தாள். உலர்தீனி கொடுப்பவர்கள் கோடையில் வேகவைத்த மீன், கோழித் துண்டுகளை அந்த வேகவைத்த தண்ணீரோடு கொடுத்தால் நீர் உள்ளே போகும். அதில் வெங்காயம், பூண்டு, மசாலா இருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிப்பவை. சரியாக நீர் குடிக்காத ஆண்பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடிய நோய் இல்லை அது.

மணியோடு நடக்கத் தொடங்கிய பிறகுதான் தெருவின் தரையைக் கவனித்தேன். செருப்புப் போட்டவனுக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. காற்றில் 35 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது வெயிலில் கிடக்கும் தார் அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும்; பாதத்தின் மெத்தைத் தோல் வெந்து உரிந்துவிடும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மணியின் காலை நடை பொழுது விடியும் முன்னே முடிந்துவிடும். மாலை நடை, வெயில் இறங்கியவுடன் கிடையாது. சாலை ஆறிய பிறகுதான். அது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு நேரமாகிவிடும்.

வெப்பம் ஒரு பிராணியை எப்படி வீழ்த்தும் என்பதை எங்கள் அடுக்ககத்தில் ஒரு மே மாதப் பிற்பகலில் பார்த்தேன். கீழ்வீட்டில் புஜ்ஜி என்ற பக் நாய் இருந்தது. வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். கண்ணாடி அடைத்த பால்கனியில் அதற்குப் படுக்கையும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். மின்சாரம் போயிருந்தது. மேற்கு வெயில் கண்ணாடிக்குள் புகுந்துவிட்டது. வேலைக்கு வந்த அக்கா கதவைத் திறந்தவுடன் கத்திய குரல் கேட்டு இறங்கி ஓடினேன்.

புஜ்ஜி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஈறுகள் செங்கல் நிறத்தில் இருந்தன. வாயிலிருந்து கெட்டியான எச்சில் நூல்போல வடிந்தது. கண் திறந்திருந்தாலும் பார்வை எங்கும் நிற்கவில்லை. பக் போன்ற தட்டை முக நாய்களுக்கு மூக்குத் துவாரம் குறுகல். உள்ளே மென்னண்ணம் நீண்டு மூச்சு வழியில் தொங்கும். மற்ற நாய்களுக்கு உயிர் காக்கும் இளைப்பு அவற்றுக்குச் சரியாக வராது. பெர்சியன் பூனைக்கும் இதே நிலைதான்.

குழாயைத் திறந்தோம். கொதிநீர் வந்தது. சென்னையில் மொட்டை மாடித் தொட்டியின் நீர் மே மாதப் பிற்பகலில் அப்படித்தான் இருக்கும். அக்காதான் "டிரம்ல மெட்ரோ தண்ணி இருக்கு சார்" என்று நினைவுபடுத்தினார். சமையலறை டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு புஜ்ஜியின் வயிறு, தொடை, கழுத்து, பாதம் எல்லாம் நனைய ஊற்றினோம். வாட்ச்மேன் அண்ணன் செய்தித்தாளை மடித்து விசிறினார். வாயில் தண்ணீர் ஊற்றவில்லை. நினைவு தப்பிய பிராணிக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஈரத்துண்டைப் போர்த்தவும் இல்லை. போர்த்திய துண்டு சற்று நேரத்தில் சூடாகி உடம்புச் சூட்டை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும். புஜ்ஜி தலையைத் தூக்கிய பிறகு ஆட்டோவில் ஏற்றி, இரண்டு பக்கமும் காற்று வர, வழியெல்லாம் நனைத்துக்கொண்டே போனோம்.

ஆஸ்பத்திரியில் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது 105 டிகிரி பாரன்ஹீட். நாய்க்கு இயல்பான உடல்வெப்பமே நம்முடையதைவிட அதிகம், 101-லிருந்து 102.5 வரை இருக்கலாம். 106-ஐத் தாண்டினால் குடலின் உட்சுவர், சிறுநீரகம், மூளை எல்லாம் சேதமாகத் தொடங்கும். ரத்தம் உறையும் முறையே கெட்டுவிடும். அதனால்தான் எழுந்து நடந்துவிட்ட நாயையும் மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக் கவனிக்கிறார்கள். புஜ்ஜியையும் வைத்துக்கொண்டார்கள். டிரிப்ஸ் ஏற்றி, ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, சிறுநீரகம் தப்பியது என்று உறுதியான பிறகே அனுப்பினார்கள்.

அந்த இளம் மருத்துவர் சொன்னதை நான் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன். "முதல்ல தண்ணி, அப்புறம்தான் வண்டி." குளிர்ந்த நீர் ஊற்றினால் ரத்தக் குழாய்கள் சுருங்கி ஆபத்தாகிவிடும் என்று முன்பு பலரும் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நனைக்காமலே தூக்கிக்கொண்டு ஓடி, போக்குவரத்து நெரிசலில் பிராணியை இழந்தவர்கள் உண்டு. உடம்பைவிடக் குளிர்ச்சியான எந்த நீராக இருந்தாலும் உடனே ஊற்றிக் காற்றுப் பட வைப்பதுதான் இன்று சொல்லப்படும் முறை. வயதில் இளைய, திடமான நாயைக் குளிர்ந்த நீரில் தலைமட்டும் மேலே இருக்கும்படி இறக்கிவிடலாம். கிழட்டு நாய், இதய நோயுள்ள நாய் என்றால் நீரை ஊற்றி விசிறுவது நல்லது. வெப்பம் 103.5 வாக்கில் இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபக்கம் விழுந்து உடம்பு அதிகமாகக் குளிர்ந்துவிடும்.

அவர் சொன்ன இன்னொன்று பூனை வளர்ப்பவர்களுக்கு. உடம்பு சுடுகிறதே என்று நமக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களைக் கோடைதோறும் பார்ப்பதாகச் சொன்னார். அந்த மருந்தை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும். ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். பூனை வாயைத் திறந்து நாய்போல இளைக்கிறது என்றால், எந்த மருந்தும் கொடுக்காமல், நனைத்து ஆற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். நாய்க்கு இளைப்பு அன்றாடம்; பூனைக்கு அது அபாயக் குரல்.

சென்னையின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. வேப்பேரியில் அதன் மருத்துவமனை வாசலில், கோடைக் காலையில் வரிசையில் நிற்கிறவர்களோடு நானும் மணியின் தடுப்பூசிக்காக நின்றிருக்கிறேன். ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர் என்று குளிர்தேசத்து உடம்போடு மூச்சிரைத்து நிற்கும் நாய்களை அங்கே பார்ப்பேன். வெயிலுக்கு இதம் என்று மொட்டையடித்துக் கூட்டிவந்திருப்பார்கள். இரண்டு அடுக்காக முடி வளரும் நாய்க்கு அந்த முடியே வெயிலைத் தடுக்கும் திரை. உதிரும் உள்முடியைச் சீவி எடுத்துவிடுவது நல்லது. மழித்துவிட்டால் தோல் நேரடியாக வெந்துபோகும். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்புத் தோலுமாக இருக்கும் ராஜபாளையம் நாய்க்கும், வெள்ளைப் பூனையின் காதுநுனிக்கும் வெயில் ஆகாது. அந்தக் காதுநுனியில் ஆறாத புண் வந்தால் அது தோல் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம்.

மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டப்பட்ட நாய்களைச் சென்னையில் எந்த உயரமான ஜன்னலிலிருந்தும் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர, சங்கிலி எட்டுகிற தூரம்வரை நாயும் நகரும். அதற்கு மேல் முடியாது. அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆயாவின் பேச்சு நினைவுக்கு வந்தது; கூடவே ருக்மிணி தேவி அருண்டேலும். கலாக்ஷேத்திராவை உருவாக்கிய அதே அம்மையார்தான், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிராணிகள் வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர். அதன் தொடர்ச்சியாக 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவு, நீர், இருப்பிடம் தராததையும், மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும் வதை என்றே சொல்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டாரிடம் இதை எடுத்துச் சொன்னபோது அவர்கள் கோபப்படவில்லை. கீழே மாடிப்படிக்கு அடியில் நாய்க்கு இடம் ஒதுக்கினார்கள்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலையில் எங்கள் வேலூர்ப் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடத்துக்காக மனிதர்கள் வரிசையில் நின்ற நாட்களில், தெருநாய்க்குத் தண்ணீர் வைப்பதா என்று எங்கள் அடுக்ககக் கூட்டத்தில் கேள்வி எழுந்தது. கேட்டவர் கெட்டவர் அல்லர். அவர் வீட்டிலும் குடம் காலியாக இருந்தது. நான்காவது மாடி அம்மா ஒருவர் எழுந்து, "அரிசி கழுவின தண்ணியத் தொட்டியில ஊத்தலாமே, அத எப்படியும் கொட்டத்தானே போறோம்" என்றார். அன்றே வாசலில் வேப்பமரத்தடியில் சிமென்ட் தொட்டி வைத்தோம். உலோகக் கிண்ணம் வெயிலில் சுடும், பிளாஸ்டிக் கவிழ்ந்துவிடும் என்பதால் சிமென்ட். காலையில் பழையதைக் கொட்டித் தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்பும் முறையை வீட்டுக்கு ஒரு நாளாகப் பிரித்துக்கொண்டோம். அதனால் கொசுவும் சேரவில்லை, புளித்த வாடையும் இல்லை. காருக்கு அடியில் நிழல் தேடிப் படுக்கும் நாய், பூனைகளுக்காக, வண்டியை எடுக்குமுன் பானெட்டைத் தட்டும் பழக்கமும் அதே கூட்டத்தில்தான் வந்தது. தண்ணீர் திரும்பிய பிறகும் அந்தத் தொட்டியை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

மணி நிறைவான வயதில் போனான். செல்லத்தின் பேத்தி வயதுள்ள இன்னொரு பூனை இப்போது வீட்டில் இருக்கிறது. கோடைகள் கடுமையாகிக்கொண்டே வருகின்றன. வேலூர் வீட்டுக் கிணற்றடியில் இன்று மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. வாழையும் ஈரமண்ணும் அங்கே இல்லை. நம் ஊர்களில் பெரும்பாலான தெருக்களின் கதை இதுதான். மண்ணை மூடியவர்கள் நாம். மரத்தை வெட்டியவர்கள் நாம். நாயையும் பூனையையும் வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தியவர்களும் நாம்தான். ஒரு கதவைத் திறந்து வைப்பதும், ஒரு தரையை நனைத்து வைப்பதும், வாசலில் ஒரு தொட்டியை நிரப்பி வைப்பதும் அவற்றுக்கு நாம் செய்யும் தருமம் என்று நான் நினைப்பதில்லை. அவற்றிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருகிறோம். பிராணி வளர்க்க விரும்பி என்னிடம் யோசனை கேட்கிற இளையவர்களிடம், எந்த இனம், என்ன தீனி என்று பேசுவதற்கு முன் நான் ஒன்றைக் கேட்கிறேன்: மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டில் மிகவும் குளிர்ந்த இடம் எது, அங்கே அது தானாகப் போக முடியுமா? இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம்.